இருதய நோயுள்ள ஆடவருக்கு மார்பகப் புற்றுநோய்: சிகிச்சையைச் சீர்தூக்கும் முறை

மார்பகப் புற்றுநோய் பெண்களுக்கே உரியது என்னும் எண்ணம் நம் மக்களிடையே வேரூன்றியிருக்கிறது. இது முழு உண்மையன்று. ஆடவரின் மார்பிலும் முலைக்காம்பின் அடியில் சிறிதளவு பால்சுரப்பித் திசு உண்டு. அத்திசுவிலும் புற்று தோன்றலாம். மார்பகப் புற்றுநோயாளர் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர் ஆடவராவார். இந்நோய் ஆடவரைப் பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டியும் அதற்குப் பின்னரும் பற்றுகிறது. மாரடைப்பும் இருதயத் தளர்ச்சியும் மிகுதியாகக் காணப்படும் பருவமும் அதுவே. ஆதலின் இரு நோய்களும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவது வியப்பன்று.

அவ்வாறு சேரும்போது ஓர் இக்கட்டு உண்டாகிறது. புற்றைத் தாக்கும் சிகிச்சைகளிற் சில இருதயத்தையும் தாக்குகின்றன. இருதயத்திற்காக உண்ணும் மருந்துகளிற் சில புற்றின் அடையாளத்தை மறைக்கின்றன. மருத்துவர் எவ்வாறு எடைபோட்டு முடிவு செய்கிறார் என்பதையும், கள ஊழியரும் ஆசிரியரும் இதில் ஆற்றக்கூடிய பணி யாது என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

ஓர் உதாரணம்

பெங்களூர் நகரின் கிழக்குப் பகுதியில் காக்ஸ் டவுனை அடுத்து ஜீவனஹள்ளி என்னும் குடியிருப்பு இருக்கிறது. அங்கே வாழும் 66 வயதுள்ள ஒருவரைப் பாடத்தின் பொருட்டுக் கற்பனை செய்து கொள்வோம். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மாரடைப்பு வந்தது. அடைபட்ட இரத்தக் குழாயில் ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாய் பொருத்தப்பட்டது. ஆரோக்கியமான இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன் இடது கீழறையிலுள்ள இரத்தத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கை வெளியே தள்ளும். இவருடைய இருதயமோ 40 சதவீதமே தள்ளுகிறது. ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, நாடித் துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரை, ஸ்பைரனோலாக்டோன் ஆகியவற்றை நாள்தோறும் உண்கிறார்.

எட்டு மாதங்களுக்கு முன் இடது முலைக்காம்பின் அருகே ஒரு கட்டி அவர் கைக்குத் தட்டுப்பட்டது. வலி இல்லை. மாத்திரையினால் மார்பு வீங்கும் என்று யாரோ கூறக் கேட்டிருந்தமையால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. வெளியே சொல்வதற்கு வெட்கமும் இருந்தது. காம்பு உட்புறமாக இழுக்கப்பட்ட பின்னரே மகளிடம் கூறினார். பரிசோதனையில் இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள புற்றுக்கட்டி என்பதும், அக்குளில் ஒரு நிணநீர் முடிச்சுக்கு அது பரவியிருப்பதும் தெரிய வந்தன.

தாமதம் ஏன் நேர்ந்தது?

அவருடைய எண்ணம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. இருதயத் தளர்ச்சிக்கு அளிக்கப்படும் ஸ்பைரனோலாக்டோன், ஆண்மைச் சுரப்பின் வேலையைத் தடுப்பதால் ஆடவரின் மார்பைப் பெருக்கச் செய்யக்கூடும். 1999-ஆம் ஆண்டில் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில், இம்மருந்தை உண்ட ஆடவரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மார்புப் பெருக்கமோ மார்பு வலியோ காணப்பட்டது. மருந்தில்லாத வெறும் மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கே காணப்பட்டது. டைகாக்ஸின் என்னும் பழைய இருதய மருந்தும் இவ்வாறு செய்வதுண்டு.

ஆயினும் மருந்தினால் உண்டாகும் பெருக்கத்திற்கும் புற்றுக்கும் வேறுபாடுகள் உண்டு. மருந்தினால் வருவது பெரும்பாலும் இருபுறமும் தோன்றும்; காம்பின் அடியில் வட்டமாகப் பரவியிருக்கும்; தொட்டால் ரப்பரைப் போன்று நெகிழும்; அழுத்தினால் நோகும். புற்றோ பெரும்பாலும் ஒருபுறமே தோன்றும், கடினமாக இருக்கும், தொடக்கத்தில் வலி இராது. காம்பு உள்ளிழுக்கப்படுதல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல், தோல் சுருங்குதல் அல்லது புண்ணாதல், அக்குளில் முடிச்சுத் தட்டுப்படுதல் ஆகியவை ஐயத்திற்குரிய அடையாளங்கள். விரலால் தொட்டுப் பார்த்து மட்டும் முடிவு கூறலாகாது. எக்ஸ்-ரே முறையிலான மார்பகப் படமும் ஒலியலைப் படமும் ஆடவருக்கும் எடுக்கலாம். ஊசியால் சிறு துணுக்குத் திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே நோயை உறுதி செய்யும்.

வெட்கமும் தாமதத்திற்கு ஒரு காரணம். அமெரிக்க செனட் சபை உறுப்பினராக இருந்த எட்வர்ட் புரூக் என்பவருக்கு 2002-ஆம் ஆண்டில், 82 வயதில், இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் 2003-இல் அவர் இதனைப் பொதுமக்களுக்கு வெளிப்படையாகத் தெரிவித்து, ஆடவரும் தம் மார்பைக் கவனிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 2015-ஆம் ஆண்டில் தம் 95-ஆம் வயதில்தான் அவர் காலமானார். முதுமையிற் கண்ட புற்று உடனே முடிவைக் கொணர்ந்துவிடும் என்று எண்ணுவது தவறு என்பதற்கு இது சான்றாகும்.

அறுவைச் சிகிச்சை

இனிச் சிகிச்சைகளை ஒவ்வொன்றாக எடைபோடுவோம். முதலாவது அறுவை. இருதயம் பழுதுற்றவருக்குக் கத்தி வைக்கலாமா என்று குடும்பத்தார் அஞ்சுவது இயல்பு. வயிற்றுக்குள்ளும் மார்புக்கூட்டுக்குள்ளும் செய்யும் அறுவைகளைப் போலன்றி, மார்பக அறுவை உடலின் மேற்பரப்பிலேயே முடிந்துவிடுகிறது; இரத்த இழப்பும் குறைவு. ஆகையால் இருதயத்திற்கு ஆபத்துக் குறைந்த அறுவைகளின் வகுப்பிலேயே இது சேர்க்கப்பட்டுள்ளது.

ஆனால் காலம் கவனிக்கத்தக்கது. மாரடைப்பு வந்து 60 நாட்கள் கழியாமல், அவசரமில்லாத அறுவைகளை மேற்கொள்வதில்லை. மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தபின் இயன்றவரை ஆறு மாதங்களும், நோய் காத்திருக்க இடந்தராதபோது குறைந்தது மூன்று மாதங்களும் பொறுப்பது வழக்கம். மறுபுறத்தில் புற்றும் காத்திருப்பதில்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, மார்பக அறுவை நான்கு வாரம் தாமதமாகும் ஒவ்வொரு முறையும் இறப்பு அபாயம் சுமார் 8 சதவீதம் கூடுவதாகக் கணக்கிட்டது. ஸ்டென்ட் வைத்துச் சில வாரங்களே ஆனவருக்கு, இடைக்காலத்தில் ஹார்மோன் மாத்திரை கொடுத்துக் கட்டியை அடக்கி வைத்து, பின்னர் அறுவை செய்யும் வழியும் உண்டு.

நம் உதாரணத்திற்குரியவருக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டாண்டுகள் ஆகிவிட்டன. இருதய மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் முன்னதாகப் பார்வையிட்டால் அறுவை செய்யத் தடையில்லை. ஸ்டென்ட் உள்ளவர் ஆஸ்பிரினைத் தம் விருப்பப்படி நிறுத்திவிடலாகாது என்பதைக் கள ஊழியர் அழுத்தமாகக் கூற வேண்டும். அறுவைக்காக எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவரே கூறவேண்டும். தானாக நிறுத்தினால் ஸ்டென்டில் இரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு நேரலாம்.

கதிர் சிகிச்சை

அறுவைக்குப் பின் எஞ்சிய நுண்ணிய புற்றணுக்களை அழிக்கக் கதிர் பாய்ச்சப்படுகிறது. கட்டி இடப்புறம் இருந்தால் இருதயம் கதிரின் பாதைக்கு அருகில் வருகிறது. சுவீடனிலும் டென்மார்க்கிலும் கதிர் சிகிச்சை பெற்ற 2,168 பெண்களை ஆராய்ந்து 2013-இல் ஒரு முடிவு வெளியிடப்பட்டது. இருதயம் சராசரியாகப் பெறும் கதிரின் அளவு ஒரு கிரே கூடுந்தோறும், மாரடைப்பு முதலிய பெரும் இருதய நோய்களின் அபாயம் 7.4 சதவீதம் உயர்வதாக அது கண்டது. கிரே என்பது திசு ஏற்கும் கதிர்வீச்சின் அளவையாகும்.

இவ்விடத்தில் ஆசிரியர்கள் மாணவருக்கு விளக்கத்தக்க ஒரு கணக்கு இருக்கிறது. இருதயம் 2 கிரே பெற்றால் அபாயம் சுமார் 15 சதவீதம் உயரும். இருதய நோயற்ற ஒருவருக்குப் பத்தாண்டுகளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 2 எனக் கொண்டால், அது 2.3 ஆகும். ஏற்கெனவே நூற்றுக்கு 20 வாய்ப்புள்ளவருக்கு அது 23 ஆகும். முன்னவருக்கு உயர்வு ஆயிரத்துக்கு மூன்று பேர்; பின்னவருக்கு நூற்றுக்கு மூன்று பேர். சதவீத உயர்வு ஒன்றேயாயினும் உண்மையில் விளையும் தீங்கு பத்து மடங்கு வேறுபடுகிறது. "15 சதவீதம் கூடும்" என்ற சொல்லை மட்டும் கேட்டு அஞ்சுவதும், அதை அலட்சியம் செய்வதும் ஒருங்கே தவறு. எதன்மேல் 15 சதவீதம் என்று கேட்பதே அறிவுடைமை.

இருதயத்தைக் கதிரினின்று விலக்கும் எளிய உபாயமும் உண்டு. மூச்சை ஆழ உள்ளிழுத்து அடக்கினால் நுரையீரல் விரிந்து இருதயம் மார்புச் சுவரை விட்டுச் சற்று அகலும். அவ்வேளையில் மட்டும் கதிர் பாய்ச்சும்படி கருவிகள் அமைக்கப்படுகின்றன. மூச்சை இருபது நொடி அடக்கப் பழகக்கூடியவருக்கு இது நற்பயன் தரும். இருதயத் தளர்ச்சியால் மூச்சடக்க இயலாதவருக்கு வேறு கோணங்களில் கதிரைச் செலுத்துகின்றனர்.

இரசாயன மருந்துகள்

இருதயத்திற்கு மிகுந்த கேடு விளைக்கக்கூடியது டாக்ஸோரூபிசின் என்னும் செந்நிற மருந்தாகும். மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரிலிருந்து 1960-களில் இத்தாலியில் எடுக்கப்பட்ட இம்மருந்து, பலரைக் காப்பாற்றியுள்ளது. ஆயினும் உடலிற் சேரும் மொத்த அளவு உயர உயர இருதயத் தளர்ச்சி பெருகுகிறது. 2003-இல் வெளியான ஒரு கணக்கின்படி, உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மொத்தம் 400 மில்லிகிராம் பெற்றவர்களில் நூற்றுக்கு 5 பேரும், 550 மில்லிகிராம் பெற்றவர்களில் 26 பேரும், 700 மில்லிகிராம் பெற்றவர்களில் 48 பேரும் இருதயத் தளர்ச்சியுற்றனர். முதலிலேயே தளர்ந்த இருதயம் இதனினும் குறைந்த அளவிலேயே பாதிக்கப்படலாம்.

புற்றணுவின் மேற்பரப்பில் ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்திருக்கும் நோயாளருக்கு 1998 முதல் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து வழங்கப்படுகிறது. புற்று பிற உறுப்புகளுக்குப் பரவிய பெண்களிடம் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், டாக்ஸோரூபிசின் வகை மருந்துகளுடன் இதனைச் சேர்த்துக் கொடுத்தபோது நூற்றுக்கு 27 பேருக்கு இருதயக் கோளாறு உண்டாயிற்று; பாக்ளிடாக்செலுடன் கொடுத்தபோது 13 பேருக்கே உண்டாயிற்று. இச்சேர்க்கையின் அபாயம் இதனால் வெளிப்பட்டது. பின்னர், சிறிய கட்டியுள்ளவருக்கு டாக்ஸோரூபிசினை விலக்கிப் பாக்ளிடாக்செலுடன் மட்டும் டிராஸ்டுசுமாப் கொடுத்துப் பார்த்த 406 பேரில், இருவருக்கு மட்டுமே இருதயத் தளர்ச்சி வெளிப்பட்டது. மருந்தைத் தேர்ந்தெடுக்கும் விதத்தினாலேயே தீங்கைப் பெரிதும் குறைக்கலாம் என்பது இதனால் விளங்கும்.

நம் நோயாளிக்கு ஹெர்-2 மிகுதியில்லை என்று கொள்வோம். அவருக்கு டாக்ஸோரூபிசின் கொடுப்பதா? கணக்குக்காக மட்டும் இவ்வாறு வைத்துக்கொள்வோம்: இரசாயன மருந்தினால் பத்தாண்டில் நூற்றுக்கு 3 பேர் புற்றினின்று கூடுதலாகப் பிழைப்பர், அதே மருந்தினால் அவர்போன்ற இருதயமுள்ள நூறு பேரில் 10 பேருக்குத் தளர்ச்சி முற்றும். இத்தகைய தராசில் மருந்தின் தட்டு தாழாது. கட்டியின் தன்மை கொடியதாகி நன்மை நூற்றுக்கு 15 பேர் என உயர்ந்தால் தராசு மாறும். அப்போதும் டாக்ஸோரூபிசினுக்குப் பதிலாக டோஸிடாக்செல், சைக்ளோபாஸ்பமைட் ஆகியவற்றைச் சேர்த்து அளிக்கும் முறையை மருத்துவர் முதலில் நாடுவார்.

ஹார்மோன் சிகிச்சை

ஆடவரின் மார்பகப் புற்று மிகப் பெரும்பாலும் ஈஸ்ட்ரஜன் என்னும் சுரப்பினால் வளர்வது. 1,483 ஆடவரின் நோயை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட பன்னாட்டு ஆய்வில், 99 சதவீதத்தினரின் கட்டிகளில் ஈஸ்ட்ரஜனை ஏற்கும் புரதம் காணப்பட்டது. சுரப்பை அடக்கினால் ஆடவரின் புற்று சுருங்கும் என்பது புதிய செய்தியன்று. விரைகளை அகற்றியபின் எலும்பிற் பரவிய புற்று தணிந்ததை அமெரிக்க மருத்துவரான பாரோ, அடேர் ஆகிய இருவரும் 1942-லேயே எழுதினர்.

இன்று அத்தகைய அறுவை தேவைப்படுவது அரிது. 1962-இல் இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்ட டமாக்சிபென் என்னும் மாத்திரையே ஆடவருக்கு முதன்மையான மருந்து. இதனை வழக்கமாக ஐந்தாண்டுகள் உண்ண வேண்டும். இது இருதயத் தசையைத் தாக்குவதில்லை. ஆனால் காலின் ஆழ்நாளங்களில் இரத்தத்தை உறையச் செய்யலாம். அவ்வுறைவு நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கு ஆபத்து. 2019-இல் ஜெர்மனியில் வெளியான ஆய்வில், இம்மாத்திரையை உண்ட ஆடவரில் நூற்றுக்குச் சுமார் 12 பேருக்கு இரத்த உறைவு உண்டாயிற்று. அவற்றுட் பெரும்பாலானவை முதல் ஒன்றரை ஆண்டுக்குள் நேர்ந்தன. வார்பரின் என்னும் உறைவுத் தடுப்பு மருந்தை உண்பவர்களுக்கு டமாக்சிபென் அதன் வீரியத்தைக் கூட்டி இரத்தப் போக்கை விளைக்கக்கூடும். ஆகவே இரத்தப் பரிசோதனை அடிக்கடி தேவைப்படும்.

பெண்களுக்கு அளிக்கப்படும் அரோமடேஸ் தடுப்பு மாத்திரைகளை அளிக்கலாகாதோ என்று கேட்கலாம். ஆடவரின் விரைகள் ஈஸ்ட்ரஜனில் ஒரு பங்கைத் தாமே சுரக்கின்றன. இம்மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைகளை மேலும் தூண்டிவிடுகிறது. இக்காரணத்தால் விரைகளை அடக்கும் ஊசியையும் உடன் சேர்த்தே இதனைக் கொடுக்க வேண்டும். அவ்வூசியோ கொழுப்பையும் சர்க்கரையையும் உயர்த்தி இருதயத்திற்குப் பளுவாகலாம். எனவே, முன்பு இரத்த உறைவு நேர்ந்திராத நம் நோயாளிக்கு டமாக்சிபெனே ஏற்றது. முன்பு உறைவு நேர்ந்தவருக்கு ஊசியும் அரோமடேஸ் தடுப்பும் ஏற்றவையாகலாம்.

முடிவு எவ்வாறு அமையும்?

மேற்கூறியவற்றைத் தொகுத்தால், நம் நோயாளிக்கு அறுவை முதலிலும், மூச்சடக்கும் முறையிற் கதிர் சிகிச்சை பின்னரும், டமாக்சிபென் ஐந்தாண்டும் பொருத்தமாகத் தோன்றும். டாக்ஸோரூபிசின் தவிர்க்கப்படும். ஸ்பைரனோலாக்டோனுக்குப் பதிலாக மார்பைப் பெருக்காத எப்ளிரினோனைக் கொடுக்கலாமா என்பதை இருதய மருத்துவர் தீர்மானிப்பார். மாரடைப்புக்கான மருந்துகள் இடைவிடாது தொடரும். புற்று தீர்ந்தபின் இருதயத்தால் ஒருவரை இழந்தால் சிகிச்சை வெற்றி பெற்றதாகாது.

இத்துடன் குடும்பத்தாரையும் எண்ண வேண்டும். பிஆர்சிஏ-2 என்னும் மரபணுவில் பழுதுள்ள ஆடவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி. அப்பழுது பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இரண்டிலொரு பங்கு வாய்ப்பில் செல்லும். ஆதலின் இந்நோயுற்ற ஆடவர் அனைவருக்கும் மரபணுச் சோதனை பரிந்துரைக்கப்படுகிறது. அவருடைய மகளுக்கு அதனால் கிடைக்கும் எச்சரிக்கை விலை மதிப்பற்றது.

கள ஊழியரின் பணி

ஜீவனஹள்ளியில் வாழ்பவருக்கு அருகிலுள்ள பெரிய அரசாங்க மருத்துவமனை சிவாஜி நகரிலுள்ள பௌரிங் மருத்துவமனை. புற்றுநோய்க்கு 1973-இல் தோன்றிய கித்வாய் நினைவு நிலையமும், இருதயத்திற்கு ஸ்ரீ ஜெயதேவா நிலையமும் நகரின் தென்பகுதியில் தனித்தனியே உள்ளன. ஒரு நோயாளிக்கு இரண்டு நிலையங்களில் இரண்டு கோப்புகள் திறக்கப்படும். ஓரிடத்தில் எழுதிய மருந்து மற்றோரிடத்திற்குத் தெரியாமற் போவதே பெரும் ஆபத்து. எனவே உண்ணும் மாத்திரைகள் அனைத்தின் பெயரும் அளவும், ஸ்டென்ட் வைத்த தேதியும், கடைசி எக்கோ பரிசோதனையின் முடிவும் ஒரே தாளில் எழுதி, அதனை இரு மருத்துவரிடமும் காட்டும்படி நோயாளியைப் பழக்குவது ஊழியரின் முதற் கடமை. வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கு ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்ய கர்நாடக திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு என்பதையும் எடுத்துரைக்க வேண்டும்.

இரண்டாவதாக, வீடு வீடாகச் சென்று நிரப்பும் உடல்நலப் படிவத்தில் மார்பகக் கட்டியைப் பற்றிய வினாக்கள் பெண்களுக்குரிய பகுதியிலேயே அமைந்துள்ளன. ஓர் ஆடவர் தம் மார்பில் கட்டி இருப்பதாகக் கூறினால், அதற்குக் கட்டம் இல்லை என்று விட்டுவிடலாகாது. தனியே குறித்து, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டியின்மேல் ஒத்தடம் கொடுப்பதும் தைலம் தடவிப் பிசைவதும் பயனற்றவை, காலத்தை வீணாக்குபவை.

மூன்றாவதாக, சிகிச்சை நடக்கும்போது கவனிக்க வேண்டிய அடையாளங்களைக் குடும்பத்தாருக்குக் கற்பிக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடுதல், படுத்தால் மூச்சுத் திணறல், இரு கால்களும் வீங்குதல் ஆகியவை இருதயத் தளர்ச்சியைக் காட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல் இரத்த உறைவைக் காட்டும். திடீரென மூச்சு முட்டினாலும் மார்பு வலித்தாலும் 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஆசிரியர்கள் உடல்நூல் பாடத்தில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தாலே பெரும் நன்மை விளையும்: மார்பகப் புற்று ஆடவருக்கும் வரலாம். இதனைக் கேட்ட மாணவன் வீட்டில் தன் பாட்டனாரிடம் கூறுவான். எட்டு மாதம் மறைத்து வைக்கப்பட்ட கட்டி எட்டு நாளில் மருத்துவரிடம் காட்டப்பட்டால், சீர்தூக்க வேண்டிய இடர்களிற் பல எழாமலே போய்விடும்.

பயிற்சி வினாக்கள்

1. ஸ்பைரனோலாக்டோனால் உண்டாகும் மார்புப் பெருக்கத்தையும் புற்றுக்கட்டியையும் வேறுபடுத்தும் அடையாளங்கள் யாவை? இறுதி உறுதி எதனால் கிடைக்கும்?

2. ஒருவருக்குப் பத்தாண்டில் மாரடைப்பு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 10. அவருடைய இருதயம் 3 கிரே கதிர் பெறுகிறது. மேற்கூறிய ஆய்வின் விகிதப்படி அவ்வாய்ப்பு எவ்வளவாகும்?

3. அரோமடேஸ் தடுப்பு மாத்திரையை ஆடவருக்குத் தனியாகக் கொடுக்காதது ஏன்?

4. உங்கள் பகுதியில் இருதய நோய்க்கும் புற்றுநோய்க்கும் சிகிச்சை பெறும் நோயாளி ஒருவருக்கு ஒரே தாளில் எழுதத்தக்க குறிப்புகளைப் பட்டியலிடுக.